பூசிய பெஞ்ச்

"எமனே வந்து கிறுக்கினாலும், ஈரத்துணியால ஒரு இழுப்பு, எழுத்து ஓடியே போயிடும்!" பூங்கா பெஞ்சின் பழைய கிறுக்கல்களைச் சுரண்டியெடுத்து, நிறமில்லாத பூச்சு ஒன்றைப் பூசிவிட்டு மார்தட்டினார் ஓய்வுபெற்ற பெயின்டர்.

"முதல்ல உங்க வாய்க்குப் பூசணும்" என்றாள் மனைவி.

கிறுக்கல் தொல்லை தாங்காமல், பெஞ்சையே பெயர்த்தெடுக்க மறுநாள் ஆளோடு வந்தார் பூங்கா மேற்பார்வையாளர். பெஞ்ச் பளிச்சென்று இருந்தது.

"பார்த்தீங்களா சார்!" என்றார் மனைவியோடு அங்கே காத்திருந்த பெயின்டர்.

"யாரும் கிறுக்கலைன்னா சுத்தமாத்தான் இருக்கும் பெரியவரே. பூச்சை எப்படி நம்புறது? ஏம்ப்பா, கழட்டு."

பெயின்டரின் முகம் சுருங்கியது. சாயங்காலமானால் அவரும் மனைவியும் உட்கார வேறு இடமில்லை.

மனைவி குறுக்கே வந்தாள். "நிறுத்துங்க சார். நேத்தே மார்க்கர்ல இம்மாம் பெரிசா கிறுக்கியாச்சு."

"யாரு?"

அவள் கணவரைப் பார்க்காமல் சொன்னாள்: "நான்தான். இவர் அளக்கிறாரேன்னு 'புளுகுமூட்டை'ன்னு எழுதித் துடைச்சுப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட நிக்கலை சார்!"