அயர்லாந்துப் படத்துக்குத் தமிழ் சொன்னவர்

ஞானேந்திரன் கொஞ்சமும் வாய் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த மனிசன் என்னவாம் சொல்லுறார்?" என்று சோபாவில் பக்கத்தில் இருந்த மனைவி அஞ்சலீனா கேட்டாள்.

"மாடு கண்டுக்குட்டி போட்டிட்டுதாம்."

"அதுக்கேனப்பா அழுகிறார்?"

"சந்தோசத்திலதான்."

ஓடிக்கொண்டிருந்தது ஓர் அயர்லாந்துப் படம். ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில், கோட்-டெ-நெய்ஜ் தெரு மூலைக்கடையில் அந்த டிவிடியை வாடகைக்கு எடுத்தவளே அஞ்சலீனாதான். அட்டையில் மாதா சுரூபமும், செபமாலையோடு ஓர் அம்மாவும் இருந்தார்கள். பக்திப்படம் என்று முடிவுகட்டிவிட்டாள். அவளுக்கு இங்கிலீசும் தெரியாது, கீழே ஓடிய பிரெஞ்சும் தெரியாது. தெரிந்த மட்டும் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டியது புருசனின் பொறுப்பு.

வெளியே பனி கொட்டியது. ஞானேந்திரனுக்கோ வியர்த்துக் கொட்டியது.

படத்தில், லண்டனுக்கு வேலைக்குப் போன மகன் செத்துப்போகிறான். செய்தி தகப்பனுக்கு மட்டும் வருகிறது. தாய் தாங்கமாட்டாள் என்று அதை மறைத்து, மகன் சுகமாக இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார் அவர்.

ஞானேந்திரன் வீட்டில் நடந்துகொண்டிருந்ததும் அதேதான்.

மன்னாரில் மறுபடி சண்டை மூண்ட நேரம், அவர்களுடைய ஒரே மகன் றொக்சன் இந்தியாவுக்குப் படகேறினான். படகு கரை சேரவில்லை. டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்ற ஞானேந்திரனின் கைத்தொலைபேசிக்குத்தான் அந்தச் செய்தி வந்தது. வீட்டுக்கு வந்தவர், "மகன் சேர்ந்திட்டானாம்" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! அதன் பிறகு மாதம் தவறாமல், "இண்டைக்கு வேலையில நிக்கேக்க றொக்சன் போன் எடுத்தவன், கதைச்சுக்கொண்டிருக்கக் கார்ட் முடிஞ்சிட்டுது" என்று ஒன்றை அவிழ்த்துவிடுவார்.

அது போதாதென்று, கொஞ்ச நாளில் அஞ்சலீனாவும் தொடங்கிவிட்டாள்.

"நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு றொக்சன் வீட்டுக்கு எடுத்தவன். சளி பிடிச்சிருக்காம்."

மகனையே நினைத்து நினைத்து இவளுக்கு மூளை தட்டிவிட்டது என்று ஞானேந்திரன் பயந்துபோனார். இந்த நிலைமையில் உண்மையும் தெரிந்தால் ஆளே மிஞ்சமாட்டாள்.

"வேற படம் போடுவமே?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"பொறுங்கோப்பா, நல்லாத்தானே போகுது. இப்ப அந்தத் தாய் ஏன் கத்துறா?"

தாய்க்கு விசயம் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்காக அழக்கூட என்னை விடவில்லையே என்று புருசனின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாட்டை வித்துப்போட்டாராம்," என்றார் ஞானேந்திரன்.

கதவை அறைந்து சாத்திவிட்டு அந்தத் தாய் வீட்டைவிட்டே போனாள். படமும் முடிந்தது.

அஞ்சலீனா எழும்பிப் போய் டிவியை நிற்பாட்டிவிட்டுத் திரும்பி வந்து இருந்தாள்.

"பாவம், பிள்ளை செத்ததை மறைச்சுப்போட்டார், என்ன?"

"உமக்கு... உமக்கு அவையள் கதைச்சது விளங்கினதே?"

"பிள்ளையைப் பறிகுடுத்த முகத்தைப் பாத்தா விளங்காதே? அதுக்கு இங்கிலீசு வேணுமே?"

இனி மறைத்துப் பயனில்லை. அவள் இடிந்து விழுந்தால் தாங்கிப் பிடிக்கத் தயாராகத் திரும்பி இருந்துகொண்டார்.

"அஞ்சலீனா, நான் ஒண்டு சொல்லவேணும். எங்கட றொக்சன்..."

"சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்."

"எப்ப துவக்கம்?"

"அண்டைக்கே தெரியும். எங்கட ஊர் அல்போன்சம்மான்ர மகனும் அதே படகிலதானே போனவன்? அவ காலமையே ஊரிலயிருந்து போன் எடுத்துக் குழறி அழுதவ. நீங்கள் வந்தா எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் இடிஞ்சுபோய் இருந்தனான். வந்தோடன நீங்கள் பாத்ரூமுக்குள்ள போய், பைப்பைத் திறந்துவிட்டிட்டு அழுதனீங்கள். பிறகு வெளியில வந்து, மகன் சேர்ந்திட்டான் எண்டு சிரிச்சியள். எனக்காகச் சிரிக்கிற மனிசனிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

"அவனுக்கு ஒரு பூசைகூட வைக்கேல்லையே நாங்கள்!"

"நவம்பரில மரித்தோர் பூசைக்கு அவன்ர பேரைக் குடுக்கிறனான். உங்களுக்கு வேலை நாள் பாத்துத்தான் போறனான்."

ஞானேந்திரன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். இந்த முறை பைப்பைத் திறக்கவில்லை. அவளும் அழுதாள். அழ அழ அவருக்கு நெஞ்சு லேசானது. இத்தனை நாளும் அரைமூச்சில் வாழ்ந்தவருக்கு முழு மூச்சு வந்தது.

அழுகை ஓய்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது.

"அப்ப, மகன் வீட்டுக்கு எடுத்தவன், சளி பிடிச்சிருக்காம் எண்டெல்லாம் சொன்னனீரே? உமக்கு மூளை தட்டிப்போச்செண்டெல்லோ நான் பயந்து செத்தனான்!"

அஞ்சலீனா சேலைத் தலைப்பால் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"மாதாமாதம் நீங்கள் ஒராள் தனியப் பொய் சொல்லிக் களைச்சுப்போனியளப்பா. அதுதான் இடைக்கிடை நானும் ஒண்டைச் சொல்லிக் கைகுடுத்தனான்."