இறந்த இடம்: நாடு

வானவடியில் உள்ள எங்கள் வீட்டின் சாப்பாட்டு மேசையில் விரித்த படிவத்தின் மேல் மதிய வெயில் கிடக்கிறது. ஒரு பாறைத் தீவை அளக்கப் போன என் கணவர் அங்கேயே இறந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். ஆளில்லாத அந்தப் பாறையை இரண்டு நாடுகள் தமதென்கின்றன. உடலை எடுத்துவர இரண்டின் அனுமதியும் வேண்டும். 'இறந்த இடம்: நாடு' என்ற கட்டத்தின் மேல் என் பேனா நிற்கிறது. "எந்த நாட்டை எழுதினாலும் இன்னொரு நாட்டுக்காரங்க விடமாட்டாங்க மேடம். காலியா விட்டா ரெண்டு பேருமே வாங்கமாட்டாங்க," என்கிறார் என் கணவரின் அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் ஹரிபிரசாத். அவருக்கு வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது. "இந்தியான்னு போடும்மா. பப்பா நம்மளோடதானே?" என்கிறாள் என் ஆறு வயது மகள் சுப்ரஜா. ஹரிபிரசாத் டீயின் ஆடையை விரலால் ஒதுக்குகிறார். வெயில் கட்டத்தைத் தாண்டிப் போகிறது. என் கைப்பேசியில் கணவரின் கடைசிச் செய்தி திறந்தபடியே இருக்கிறது: "இங்க ஒரு ஈ காக்கா இல்ல, கனகா."