நாய் திரும்பும் வரை

ஒரு கிலோமீட்டருக்குள் இன்னொரு பள்ளிக்கூடம் இருந்தால் இந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிடலாம் என்பது விதி. எண்ணூறு மீட்டர்தான் என்றது கல்வி அலுவலர் குமரகுருவின் வரைபடம். “பத்து நிமிஷ நடைதானே டீச்சர்?” என்றார். தலைமையாசிரியை லூர்துமேரி வாதாடவில்லை. ஒன்றாம் வகுப்பு தன்ஷிகாவைக் கூப்பிட்டு, அலுவலரின் சுண்டுவிரலை அவள் கையில் பிடித்துக் கொடுத்தார். “அந்த ஸ்கூல் வரைக்கும் இவளோட நடந்து போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார்.”

காலை வழிபாடு முடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். வேலியில் இருந்த ஓணான் தலையாட்டும்வரை நிற்க வேண்டியிருந்தது. வரைபடத்தில் ஓணான் கிடையாது. வாய்க்கால் பாலத்தில் ஒரு பக்கம் இலையைப் போட்டு, மறுபக்கம் ஓடிப்போய் அது வந்து சேர்வதைப் பார்த்தாக வேண்டும். செருப்பு வார் இரண்டு தடவை அறுந்தது. இரண்டாவது தடவை அறுந்தது அலுவலருடையது. ரைஸ்மில் வாசலில் அவள் சட்டென்று நின்றாள். நடுரோட்டில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. “கடிக்குமா?” என்று கேட்டார். “கடிக்காது சார். ஆனா பாக்கும். அது அந்தப் பக்கம் திரும்புனாதான் போகலாம்.” அவர் சிரித்துக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தார். நாய் பார்த்தது. வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வெயில் உச்சிக்கு வந்தது. போக வேண்டிய பள்ளிக்கூடத்தில் பூமாலையும் காபியுமாகக் காத்திருந்தவர்கள் போன் செய்தார்கள். “எங்க சார் இருக்கீங்க? மூடுறதா வேண்டாமான்னு முடிவு பண்ணியாச்சா?” குமரகுரு போனைக் கையால் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தார். “சத்தம் போடாதீங்க. நாய் இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கு.”