எச்சில் கொடுக்காத வீடு

பங்களாவில் நகையைத் திருடியவள் வேலைக்காரி தேசம்மாதான் என்று காவல் நிலைய மரபணுக் கருவி சொல்லிவிட்டது. பீரோவில் அவள் தோல்துகள் இருந்ததாம்.

“தினம் தொடைக்கிற பீரோ சார், என் தோலு இல்லாம இருக்குமா?”

“வேற யாரோடதும் பதிவுல ஒத்துப்போகலையே,” என்றார் ஆய்வாளர்.

“எச்சி எடுத்து பதிஞ்சதே எங்க ஹவுசிங் போர்டு ஜனத்துக்கிட்ட மட்டும்தானே? அந்த பங்களா வீட்டுப் புள்ளைக்கும் எடு சார்.”

“அவங்களுக்கு எடுக்கச் சட்டத்துல இடமில்லம்மா. ஒத்துக்கிட்டு கைநாட்டு வை, ஆறு மாசத்துல வெளிய வந்துடலாம்.”

“வைக்க மாட்டேன்.” தேசம்மா கையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வாசலில் நின்ற அவள் தெருப் பெண்களும் வேலைக்குப் போகாமல் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

ஆய்வாளரின் கைபேசியில் மனைவி கத்தினாள். “ஏங்க, பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்கு. தேய்க்க பவுனு வரல, அங்கயா இருக்கா?”

“இங்கதாம்மா இருக்கேன்!” தரையிலிருந்து பவுனு குரல் கொடுத்தாள். “அந்தப் புள்ளைக்கு எச்சி எடுக்கச் சொல்லுங்க, வரேன்.”