இருநூற்றுப் பதினான்கு ஃபைல்கள்

"பாத்துக் கழட்டும்மா, இது மூக்குக்கண்ணாடி இல்ல," என்றான் மகன்.

நான் நிமிரவில்லை. இருபத்தெட்டு வருஷம் கண்ணாடிக் கடையில் பொடித் திருகாணி முடுக்கிய கை இது. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, ஹார்டு டிஸ்கை அலுங்காமல் வெளியே எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்த லேப்டாப்பின் மேல் டீயைக் கொட்டியவள் நான்தான். உள்ளே மருமகளின் நாலு வருஷ ஆராய்ச்சி. வருகிற திங்கட்கிழமை அவள் அதை ஒப்படைத்தாக வேண்டும். ரிப்பேர் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நேற்று ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். டிஸ்கை அதற்குள் செருகினால், பென் டிரைவ் மாதிரி தன் புது லேப்டாப்பில் மாட்டிக்கொள்ளலாமாம்.

"எனக்குக் கை நடுங்குது அத்தை. உங்களாலதான் முடியும்."

இப்போது டிஸ்க் பெட்டிக்குள் போவேனா என்றது.

"அளவு சேரலம்மா, திருப்பிக் குடுத்துடலாம்," என்று மகன் எழுந்தேவிட்டான்.

புரட்டிப் பார்த்தேன். டிஸ்கின் முனையில் பழைய லேப்டாப்பின் குட்டி இணைப்பு ஒன்று ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. நகத்தால் நெம்பினேன். கழன்றது. அதன் பிறகு டிஸ்க் சொன்ன பேச்சைக் கேட்டது.

ஒயரைச் செருகினேன். பெட்டியில் நீல விளக்கு எரிந்தது.

"வந்துடுச்சு அத்தை!"

மருமகள் என்னைக் கட்டிக்கொண்டு ஒரு குதி குதித்தாள். மகன் திரையைப் பார்க்காமல் திருகாணிகளைப் பொறுக்கினான். "எங்கம்மாகிட்ட சொல்லிட்டு வர்றேன்," என்று அவள் போனோடு அடுத்த அறைக்கு ஓடினாள்.

ஆராய்ச்சி ஃபோல்டரை நானே புது லேப்டாப்புக்கு ஏற்றினேன்.

திரை ஒரு கேள்வி கேட்டது. இதே பெயர்களில் இருநூற்றுப் பதினான்கு ஃபைல்கள் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. மாற்றவா, தவிர்க்கவா?

திறந்து பார்த்தேன். இருந்தன. வேறு ஏதோ நகலிலிருந்து அத்தனையும் புதன்கிழமையே வந்து சேர்ந்திருந்தன. நான் டீ கொட்டிய மறுநாள்.

அடுத்த அறையிலிருந்து அவள் குரல் கணீரென்று கேட்டது.

"கடைக்காரரே கைவிட்டதும்மா! எங்க அத்தை ஒத்தை ஆளா உக்காந்து எடுத்துட்டாங்க!"

'தவிர்' என்பதை அழுத்தினேன்.

முதுகை நிமிர்த்திக்கொண்டு குரல் கொடுத்தேன்.

"ஒண்ணு விடாம ஏறிடுச்சும்மா! வந்து எண்ணிப் பாத்துக்கோ!"