கட்டிலுக்கு அடியில் ஒருத்தி

கையில் பிசுபிசுத்தது.

அவள் அதைக் கட்டிலில் போட்டுவிட்டு விரல்களைச் சுடிதாரில் துடைத்தாள். பிறகு சுடிதாரைப் பார்த்தாள். அதையும் கழற்றி எறிய வேண்டும் போலிருந்தது.

தொடை எலும்பு. மஞ்சள் பாரித்து, எண்ணெய் கசிந்து, பழைய சமையலறைச் சுவர் மாதிரி.

ஓர் ஆளின் எலும்பு முழுவதையும் சீனியர் அக்கா உரச் சாக்கில் கட்டிக் கொடுத்திருந்தாள். படித்து முடித்தவர்கள் புதிதாக வருகிறவர்களிடம் தள்ளிவிட்டுப் போவது இந்த விடுதியின் வழக்கம். தசை ஒட்டும் இடங்களில் எவளோ சிவப்பு நகச்சாயம் பூசியிருந்தாள். முனை உடைந்த எலும்புகளுக்குள், ரொட்டியில் இருப்பது போல் பொடித்துளைகள். இரத்தம் ஊறும் இடம் என்றது புத்தகம். இப்போது அங்கே அழுக்கு ஊறியிருந்தது.

சாக்கு கட்டிலுக்கு அடியில். அவள் மேலே.

தூக்கம் இல்லை. சாப்பிட்டது தங்கவில்லை. டாக்டர் படிப்பே வேண்டாம், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவரும் பஸ் ஏறிவிட்டார். பெட்டி கதவோரம் தயாராக நின்றது.

கரண்ட் போனது.

அறைத்தோழி ஜெபமலர் சாக்கில் கைவிட்டுத் தோள்பட்டை எலும்பை எடுத்து விசிறிக்கொண்டாள்.

"தட்டை எலும்போட முக்கியமான வேலை இதுதான்டி. எழுதிக்கோ."

மேசைமேல் கிண்ணம் போல் கவிழ்த்துவைத்த மண்டையோட்டின் மூடியில் ஜெபமலரின் ஹேர்பின்கள் கிடந்தன.

அவள் கதவோரப் பெட்டியைப் பார்த்தாள்.

போகத்தானே போகிறாய், ஒரு தடவையாவது அந்தத் தொடை எலும்பு வலதா இடதா என்று சொல்லிவிட்டுப் போ என்றாள் ஜெபமலர். அதற்கு ஒரே வழிதான். எலும்பைத் தன் உடம்போடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

மூச்சை அடக்கிக்கொண்டு தொடைமேல் வைத்தாள். உருண்டை முனை இடுப்புப் பக்கம், உள்நோக்கி.

வலது.

அளவெடுத்தது போல் அவள் தொடைக்குச் சரியாக இருந்தது.

உடம்பு கூசியது. ஆனாலும் எடுக்கவில்லை. முழங்கால் முனையைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடியது. எலும்பு வளரும் இடம். வளர்ந்து முடித்தால் கோடு மூடிக்கொள்ளும்.

மூடவில்லை.

சாக்குக்குள் கைவிட்டு இடுப்பெலும்பைத் தேடி எடுத்தாள். அகலமாக இருந்தது. பெண்.

தன் வயதுகூட இருக்காது.

அவள் நகச்சாயத்தைப் பார்த்தாள். யூரியா வாடை அடிக்கும் சாக்கைப் பார்த்தாள். குமட்டல் போகவில்லை. இன்னும் கூடியது.

ஜெபமலர் அருகில் வந்து குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். விசிறுவது நின்றது. மண்டையோட்டில் கிடந்த ஹேர்பின்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

தொடை எலும்பை இன்னும் கீழே வைக்காமல் அவள் தன் ஊரை நினைத்தாள். அங்கே ஒரு பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுசாகக் கோடிச் சேலை வந்து போர்த்தாமல் தூக்க மாட்டார்கள்.

கீழே அப்பா வந்திருப்பதாக வார்டன் ஆள் அனுப்பினார்.

வெறுங்கையோடு இறங்கினாள். பெட்டி எங்கே என்று அப்பா கேட்டார்.

"அப்பா, ஒரு கோடிச் சேலை வாங்கிக் குடுத்துட்டுப் போங்க."

அவர் முகம் வெளுத்தது. யாருக்கு என்றார்.

"என் ரூம்ல ஒரு பொண்ணு இருக்காப்பா. அவ வீட்லேர்ந்து யாரும் வரல."