சிப்பி துப்பிய மணி

வெளியே மழை இருட்டு. வெள்ளவத்தையிலிருந்து முத்துப் பண்ணை பார்க்க வந்த நிரூஜாவும் கணவன் வாகீசனும் அவன் தாயான மாமியும் தகரக் கொட்டிலுக்குள் நிற்கிறார்கள். மேசை விளக்கின் கீழே பண்ணைக்காரப் பெண் ஒரு குளத்துச் சிப்பியை இலேசாகத் திறந்து, உள்ளே முத்து விளையச் சின்ன வெள்ளை மணியை வைத்தபடி சிங்களத்தில் விளக்குகிறாள். யாழ்ப்பாணத்து மாமிக்குச் சிங்களம் தெரியாது. கொழும்புக் கொட்டாஞ்சேனையில் வளர்ந்த நிரூஜாதான் தமிழில் சொல்கிறாள். சில சிப்பிகள் மணியை ஏற்காமல் துப்பிவிடுமாம். போன மாதமும் கரு தங்காத வயிற்றோடு அவள் கைப்பையை அணைத்துக்கொள்கிறாள். "துப்பின சிப்பியை என்ன செய்வினமாம்? கேள் பிள்ளை" என்கிறாள் மாமி. நிரூஜா கேட்கிறாள். பண்ணைக்காரி சிரித்தபடி கதவோரத்து வாளியைக் காட்டுகிறாள். இன்னொருதரம் வைத்துப் பார்ப்போம், அதுவும் நிற்காவிட்டால் தாரா வாத்துகளுக்குப் போட்டுவிடுவோம் என்கிறாள். வாளிக்குள் வாய் பிளந்த சிப்பிகளில் ஈ மொய்க்கிறது. "திரும்பக் குளத்திலேயே விட்டிடுவினமாம், மாமி." நிரூஜாவின் குரல் பிசிறவில்லை. "அப்ப அந்த வாளிக்குள்ள?" சிங்களம் நன்றாகத் தெரிந்த வாகீசன் முந்திக்கொள்கிறான். "ஒண்டுமில்லை அம்மா, வெறுங்கோது." சொல்லிக்கொண்டே, நிரூஜாவின் முகத்தைப் பார்க்காமல், வாளியைக் காலால் மெல்லக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறான்.